ஒன்பது அட்டை, எட்டு ஆள்

ஓய்வு பெற்ற போலீஸ்காரியை யாரும் சும்மா தேடி வருவதில்லை. வந்தால் கையில் கல்யாணப் பத்திரிகை இருக்கும். இல்லையென்றால் பூட்டிக்கொண்ட கம்ப்யூட்டரின் கடவுச்சொல்லைக் கேட்டு வந்திருப்பார்கள். போன மாதம் ஷாலினி வந்தது இந்த இரண்டிலும் சேராது. மீன்பிடித் துறைமுக வாசலில் நான் உட்கார்ந்து தேய்த்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் காவலர் அவள். நிலையத்தில் ஆண்டுமலர் போடுகிறார்களாம்.

"மேடம், வயர்லெஸ்லேர்ந்து முகம் பாக்குற கேமரா வரைக்கும் எல்லா மெஷினோடயும் சண்ட போட்டவங்க நீங்க ஒருத்தங்கதான். எழுதிக் குடுங்க. ரெண்டு பக்கம் போதும்" என்றாள்.

இரண்டு பக்கத்தில் அடங்குகிற ஆளா நான்? வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

நான் பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி ஹவுசிங் போர்டில். அப்பா ரயில்வேயில் கலாசி. காலையில் படி இறங்கினால் ஒரு பக்கம் பந்து உதைப்பார்கள், இன்னொரு பக்கம் மணல் மூட்டையைத் தொங்கவிட்டுக் குத்துவார்கள். நடுவில் புகுந்து நான் தட்டச்சு வகுப்புக்குப் போய்வந்தேன். போலீஸ் வேலை கிடைத்ததும் பயிற்சியில் கற்றுக்கொண்டது மூன்று: விசில் ஊதுவது, வெயிலில் மயங்காமல் நிற்பது, மயங்கினாலும் வரிசை கலையாமல் விழுவது. அதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

தட்டச்சு லோயர் பாஸ் செய்திருந்ததுதான் என் தலையெழுத்தை மாற்றியது. நிலையத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு எது வந்தாலும் அது நேராக என் மேசைக்கு வந்துவிடும். வயர்லெஸ் பெட்டியை எந்த இடத்தில் தட்டினால் பேசும் என்பது எனக்குத்தான் தெரியும். கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கென்று தனி அறை ஒதுக்கி ஏ.சி. போட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் எழுத்தருக்குக் கம்ப்யூட்டர் மேல் அப்படியொரு பாசம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் பிரிந்து இருக்கவே மாட்டார். எதிரில் உட்கார்ந்து கண்ணை மூடித் தியானம் செய்வார். குறட்டை மட்டும் கொஞ்சம் கேட்கும்.

பிறகு நான் ஏட்டு ஆனேன். துறைமுகப் பக்கம் மாற்றினார்கள். அங்கேதான் ஆய்வாளர் செல்வநாயகம் ஐயாவிடம் வந்து சேர்ந்தேன்.

ஐயாவைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகத்தான் சொல்ல வேண்டும். திருடனைக்கூட 'நீங்க, வாங்க' என்பார். "நீங்க எந்தப் பக்கமா எகிறிக் குதிச்சீங்க?" என்று அவர் கேட்கும்போது திருடனுக்கே கூச்சமாகிவிடும். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கம்ப்யூட்டரின் மவுஸைக் கைக்குட்டை போட்டுத்தான் தொடுவார். கை நடுக்கமோ, சுத்தமோ, பயமோ, கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. அவர் மேசையில் எப்போதும் ஒரு எஃகு ஸ்கேல் இருக்கும். அதை வைத்து ஒரு நீள நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் கோடு கிழிப்பார். இடப்பக்கத்துக்குத் தலைப்பு 'கண்'. வலப்பக்கத்துக்கு 'கருவி'.

அவருடைய முறை இதுதான். வாசலில் ஒரு வண்டியோ ஆளோ வந்தால், முதலில் நம் கண்ணில் பட்டதை இடப்பக்கம் எழுத வேண்டும். எத்தனை பேர், என்ன வயது, யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார், எந்த டயர் அமுங்கியிருக்கிறது. அதை எழுதி முடித்த பிறகுதான் கருவியைத் தொடலாம். கருவி சொன்னதை வலப்பக்கம் எழுத வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் அனுப்பலாம். ஒத்துப்போகாவிட்டால் அவரைக் கூப்பிட வேண்டும். இடப்பக்கம் காலியாக இருக்கும்போது வலப்பக்கத்தில் மை பட்டிருந்தால் அன்றைக்குத் தொலைந்தோம். திட்ட மாட்டார். "சரிம்மா, இது மெஷின் சொன்னது. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருப்பார். நாம் வாய் திறக்கும்வரை இமைகூட அசையாது. அதற்குப் பதில் இரண்டு அறை விட்டிருக்கலாம்.

ஐயா தன் பெண்ணுக்கு வரன் பார்க்கப் போனபோதுகூட மாப்பிள்ளையை இடப்பக்கம் எழுதிவிட்டுத்தான் போட்டோவைப் பார்த்தார் என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வோம்.

ஒருநாள் கைபேசியில் முகம் பார்க்கும் செயலி வந்தது. ஒரு ஆளைப் படம் எடுத்தால் பழைய குற்றவாளிகளின் படங்களோடு ஒப்பிட்டு யாரென்று சொல்லும். சோதித்துப் பார்க்க அப்போது குற்றவாளி யாரும் கைவசம் இல்லை. அதனால் ஒருவரையொருவர் எடுத்துக்கொண்டோம். இந்த நிலையத்து எழுத்தரைச் சாராய வழக்கில் தேடப்படுகிறவர் என்றது. அது தவறு என்று யாரும் அவசரப்பட்டுச் சொல்லவில்லை. பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஐயாவை எடுத்தேன். சங்கிலி பறித்தவன் ஒருவனோடு பொருந்துகிறது என்று கருவி காட்டியது. ஐயா கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"என்னைவிட லட்சணமா இருக்காரு" என்றார். பிறகு நோட்டை எடுத்து, வலப்பக்கத்தில் தன் கையாலேயே அதை எழுதி வைத்தார்.

துறைமுக வாசலில் என் தலையில் கட்டியது கைரேகைக் கருவி. கடலுக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் படம் போட்ட ஓர் அட்டை உண்டு. அட்டையைக் கருவியில் காட்டி, பெருவிரலை வைக்க வேண்டும். அட்டையில் இருக்கும் ரேகையும் விரலும் பொருந்தினால் பச்சை விளக்கு. போனவர் யார், திரும்பியவர் யார் என்ற கணக்கு தானாக ஏறிவிடும். எல்லை தாண்டி யாரும் புகுந்துவிடக்கூடாது, நம் ஆள் யாரும் காணாமல் போய்விடக்கூடாது. நல்ல ஏற்பாடுதான். காகிதத்தில் பார்த்தால் குறையே இல்லை.

அதைச் செய்தவர்கள் ஒரு மீனவரின் கையைத் தொட்டுப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். வலைக்கயிறு இழுத்து, ஐஸ் வாரி, இறால் முள் குத்தி, உப்பில் ஊறிய விரல் அது. நுனி கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருக்கும். ரேகையைத் தேடினால் கருவிக்கு எங்கே கிடைக்கும்? 'மீண்டும் முயற்சி செய்யவும்' என்று ஒரு பெண் குரல் மட்டும் விடாமல் சொல்லும். அந்தக் குரலுக்கு அவர்கள் வைத்த பெயர் அண்ணி. விரலை லுங்கியில் துடைப்பார்கள், தலைமுடி எண்ணெயில் தேய்ப்பார்கள், ஊதுவார்கள். அண்ணி ஒத்துக்கொள்ள மாட்டாள்.

மாரி என்று ஒரு படகு டிரைவர். விசைப்படகை ஓட்டுகிறவரை அங்கே டிரைவர் என்றுதான் சொல்வார்கள். ஒரு நாள் காலை, தன் ஆட்கள் எட்டுப் பேரைப் பின்னால் நிறுத்திக்கொண்டு அரைமணி நேரம் அண்ணியோடு மல்லுக்கட்டினார். ஐஸ் பெட்டிகளின் அடியிலிருந்து தண்ணீர் ஓடி என் பூட்ஸை நனைத்தது.

"இன்னா ஏட்டம்மா, ஐஸு கரஞ்சிகினு கீது. நடுக்கடல்ல பட்ற மீனுக்கு இன்னா, குந்தி விசிறி வுடச் சொல்றியா? உன் அண்ணி இன்னா எங்கள கட்டிக்கப் போவுதா, இத்தினி வாட்டி கைய புடிச்சி பாக்குது?"

பின்னால் இருந்த படகுக்காரர்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்த போலீஸ்காரியிடம் அப்புறம் என்ன கண்டிப்பு இருக்கும்? மாரி இடுப்பிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார். தகர டப்பா. அடியில் ஈரம் இழுக்க ஒரு கை பச்சரிசி. அதன்மேல் ஒன்பது அட்டைகள் அடுக்கி இருந்தன. கடலில் அட்டை நனைந்து கெட்டுவிடும் என்பதால் படகுக்கு ஒரு டப்பா, டிரைவர் பொறுப்பில். எல்லாப் படகிலும் அதுதான் வழக்கம்.

கருவியில் ஒரு பொத்தான் உண்டு. விரல் எடுக்காவிட்டால், அதிகாரி முகத்தைப் பார்த்துத் தன் பொறுப்பில் அனுப்பலாம். அவசரத்துக்கு வைத்தது.

"யோவ் மாரி, டப்பாவ குடு. நான் தேச்சிக்கிறேன். நீங்க போயிக்கினே இருங்க" என்றேன்.

அட்டையைக் காட்டு, பொத்தானை அழுத்து, அட்டையைக் காட்டு, பொத்தானை அழுத்து. ஒரே நிமிடத்தில் ஒன்பது பேர். மறுநாள் இன்னொரு டப்பா வந்தது. அதற்கு மறுநாள் பத்து டப்பா. அண்ணி வாயை மூடிக்கொண்டாள். வாசலில் வரிசையே இல்லை. மேலிடத்திலிருந்து பார்க்க வந்தவர்கள், கருவி எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். நான் அடக்கமாகத் தலைகுனிந்து நின்றேன்.

ஐயாவின் நோட்டை மட்டும் என்ன செய்வது? டப்பாவைத் தேய்த்த பிறகு வலப்பக்கம் '9' என்று எழுதுவேன். அதைப் பார்த்து இடப்பக்கமும் '9 பேர், முகம் சரி' என்று எழுதுவேன். இரண்டு பக்கமும் அவ்வளவு அழகாக ஒத்துப்போகும்.

இதில் நான் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. படகில் ஒருத்தர் வரவில்லையென்றால்? வீட்டில் கல்யாணம், காய்ச்சல், சாவு என்று யாராவது நின்றுவிட்டால் வேறொருவர் ஏறிக்கொள்வார். நின்றவருடைய அட்டை டப்பாவிலேயே இருக்கும். ஒன்பது அட்டை, ஒன்பது ஆள். எண்ணிக்கை சரி. ஆள்தான் வேறு.

ஜெகன் அப்படித்தான் போய்வந்திருக்கிறான். திருவொற்றியூர்ப் பக்கத்துக் குப்பத்துப் பிள்ளை, முப்பதுகூட ஆகவில்லை. அட்டை எடுக்க மூன்று முறை முகாமுக்குப் போயிருக்கிறான். மூன்று முறையும் அவன் விரலில் ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். "கைரேக ஜோசியக்காரன்கூட எதுனா ரெண்டு வார்த்த சொல்வான், கவர்மெண்டு மெஷினு என் கைய பாத்து கம்முனு கீதே" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டானாம். அட்டை இல்லாதவனுக்குக் கடல் இல்லை. என் டப்பா வழி வந்த பிறகு, எந்தப் படகில் ஆள் குறைகிறதோ அதில் ஏறிப் பிழைத்துக்கொண்டிருந்தான். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

மாரியின் படகில் தேசப்பன் என்று ஒரு பெரியவர். ஐம்பத்திரண்டு வயது, வழுக்கை, கன்னம் மறைக்கும் மீசை. அவர் வீட்டில் அம்மை போட்டிருந்தது. அம்மை கண்ட வீட்டு ஆள் கடலுக்குப் போகமாட்டார். அவர் இடத்தில் ஜெகன் ஏறினான். டப்பாவில் மீசைக்காரரின் அட்டை. படகில் மீசையே வைக்காத ஜெகன்.

போன இடத்தில் எஞ்சின் மக்கர் செய்துவிட்டது. தெற்கிலிருந்து வடக்கே இழுக்கும் நீரோட்டத்தை எங்கள் பக்கம் தெண்டி என்பார்கள். தெண்டி படகை வடக்கே அடித்துக்கொண்டு போய்ப் பக்கத்து மாநிலத்துக் கடலில் விட்டது. அங்கே ஒரு துறைமுகத்துக்கு இழுத்துச் சென்றார்கள். எட்டு நாளில் வர வேண்டிய படகு பன்னிரண்டாம் நாள் காலை வந்து சேர்ந்தது.

மாரி வாசலுக்கு வந்தார். கிண்டல் இல்லை, சிரிப்பு இல்லை. டப்பாவை மேசைமேல் வைத்தார். நான் வழக்கம்போல ஒன்பது அட்டைகளையும் தேய்த்தேன். 'அனைவரும் திரும்பினர்' என்று பச்சை எழுத்தில் வந்தது.

"ஒம்போது அட்ட கீது ஏட்டம்மா" என்றார் மாரி. "ஆளு எட்டுதான்."

அப்போதுதான் தலையை நிமிர்த்தி எண்ணினேன். எட்டு.

அங்கே சோதித்தவர்கள் ஒவ்வொரு அட்டையையும் ஆளோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். தேசப்பன் அட்டைக்கு எதிரே ஜெகன் நின்றிருக்கிறான். அட்டை அசல், ஆள்தான் போலி என்று சொல்லி அட்டையை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆளை வைத்துக்கொண்டார்கள். மாரி எவ்வளவோ மன்றாடியிருக்கிறார். அடுத்தவர் அட்டையில் ஆளை ஏற்றி வந்தவர் பேச்சை யார் கேட்பார்கள்?

மத்தியானத்துக்குள் ஜெகனின் மனைவி தேவி நிலையத்துக்கு வந்துவிட்டாள். திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். கூடையை இறக்கி வைத்துவிட்டு என் எதிரில் பெஞ்சில் உட்கார்ந்தாள். ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்திருந்தாள்.

"யக்கா, உன் மெஷின்ல எல்லாரும் வந்துட்டாங்கன்னு காட்டுதாமே. அப்போ என் வூட்டுக்காரர எங்க வெச்சிகினு கீற? எட்து குடு."

தேவியின் பையில் இருந்ததையெல்லாம் படம் எடுத்து அந்தத் துறைமுகத்துக்கு அனுப்பினேன். போனில் கூப்பிட்டும் பேசினேன். "சார், அவரப் பத்து நிமிஷம் பேச விட்டுக் கேளுங்க. ராயபுரம் பாலத்தத் தாண்டினா யாருக்கும் அந்தத் தமிழு வராது" என்றேன். "எங்களுக்கு எல்லாத் தமிழும் ஒண்ணுதான் அம்மா" என்றார் அந்த அதிகாரி. அவரைக் குறை சொல்ல முடியாது. மரியாதையாகத்தான் பேசினார். மறுநாள் கடிதமும் மரியாதையாகத்தான் வந்தது.

அதில் கேட்டிருந்தது ஒன்றே ஒன்று. உங்கள் வாசல் பதிவுப்படி படகில் ஏறிய ஒன்பதாவது ஆள் தேசப்பன். முகம் பார்த்து அனுப்பியதாக அதிகாரி உறுதி செய்திருக்கிறார். அந்தப் பதிவு சரியென்றால், இங்கே இருப்பவர் நடுக்கடலில் ஏறியவர். தமிழ் பேசுகிறார், அட்டை இல்லை. கடலுக்கு அந்தப் பக்கத்து நாட்டிலிருந்து வந்தவரா என்று விசாரித்து வழக்குப் போட வேண்டும். பதிவு தவறென்றால், எப்படித் தவறு என்று எழுத்தில் தெரிவிக்கவும்.

உறுதி செய்த அதிகாரி நான்தான். பதிவு நின்றால் ஜெகன் வெளிநாட்டுக்காரன். எத்தனை வருடம் உள்ளே இருப்பான், எந்த நாட்டுக்கு அனுப்புவார்கள் என்று ஆண்டவனுக்கே தெரியாது. பதிவு விழுந்தால் நான் விழுவேன். அந்த மாதம்தான் சிறப்பு உதவி ஆய்வாளர் பட்டியல் வருவதாக இருந்தது. தோளில் குத்த நட்சத்திரம் வாங்கி, ஆசைக்கு ஒருமுறை கண்ணாடி முன்னால் வைத்தும் பார்த்து, பீரோவில் பூட்டி வைத்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

வேறு வழி ஏதாவது கிடைக்காதா என்று பேயாய் அலைந்தேன். அங்கிருந்து வந்த ஜெகன் படத்தை எங்கள் செயலியில் போட்டுப் பார்த்தேன். யாரென்றே அதற்குத் தெரியவில்லை. ஒரு குற்றமும் செய்யாதவனை அதற்கு எப்படித் தெரியும்? வாசல் கேமராவில் அன்றைய காட்சியைத் தேடினேன். அவன் முகம் தெரிந்தால் போதும், நான் பார்க்காவிட்டாலும் கேமரா பார்த்தது என்று சொல்லிவிடலாம்.

ஐயா அறையில் உட்கார்ந்துதான் பார்த்தோம். மாரி வருகிறார். டப்பா கை மாறுகிறது. ஒவ்வொருவராக நடக்கிறார்கள். ஒன்பதாவது ஆள் வருகிறான். தலையில் ஐஸ் பெட்டி. கழுத்துக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. பெட்டியும் இரண்டு கைகளும்தான். முன்னால் ஓட்டிப் பார்த்தோம், பின்னால் ஓட்டிப் பார்த்தோம். பெட்டிதான். அந்தக் காட்சி முழுக்கத் தெளிவாகத் தெரிந்த முகம் ஒன்றே ஒன்று. என்னுடையது. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, அவர்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், 'போ, போ' என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"இந்தப் பதிவு பதினஞ்சு நாள்தான் இருக்கும். அப்புறம் தானா அழிஞ்சிடும்" என்றார் ஐயா. "இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

அதை எதற்குச் சொன்னார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. நீள நோட்டை எடுத்து அன்றைய பக்கத்தைத் திருப்பினார். வலப்பக்கம் '9'. இடப்பக்கம் '9 பேர், முகம் சரி'. என் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

"சரிம்மா. மெஷின் ஒன்பதுன்னு சொல்லுது. நீங்க என்ன சொல்றீங்க?"

அந்தப் பார்வை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அதுவரை அவரிடம் குரல் உயர்த்தியதில்லை.

"ஐயா, அந்த மெஷின் அவங்க வெரல எடுக்காதது யார் தப்பு? தெனம் ஐஸ் கரைய நிக்க வெச்சது யார் தப்பு? ஜெகன மூணு வாட்டி திருப்பி அனுப்னது யார் தப்பு? எல்லாம் என் ஒருத்தி தலையிலயா?"

"அதையும் எழுதுங்க" என்றார்.

"என்னத்தய்யா எழுதறது?"

"இப்போ சொன்னீங்களே, அவ்வளவும். முதல்ல எத்தனை முகம் பாத்தீங்கன்னு எழுதுங்க. பிறகு மத்ததெல்லாம்."

வெளியே பெஞ்சில் தேவி உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது நாள். கூடையைக்கூடத் தூக்கவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "யக்கா, எதுனா தெரிஞ்சிதா?" என்று மட்டும் கேட்டாள். நான் இல்லையென்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பயத்தில் அழுதேன், வேறொன்றுமில்லை. நான் பெரிய நியாயவாதி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

பிறகு எழுதினேன். நான்கு பக்கம். ஒரே ஒரு முகம்தான் பார்த்தேன், அது மாரியின் முகம், மற்ற எட்டையும் பார்க்கவில்லை என்று முதல் வரி. டப்பா வழக்கத்தை ஆரம்பித்து வைத்தது நான் என்று இரண்டாவது வரி. அதன்பிறகு விரல், ஐஸ், அண்ணி, முகாம் எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதினேன். அண்ணி என்ற சொல்லை மட்டும் ஐயா அடித்துவிட்டு 'குரல் வசதி' என்று திருத்தினார். கடைசியில் நான் கையெழுத்துப் போட்டதும் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். என் கையெழுத்துக்குக் கீழே, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பச்சை மையில் ஒரு வரி எழுதினார். 'மேற்படி வழக்கத்தை நானும் இருமுறை கண்ணால் கண்டேன், தடுக்கவில்லை.'

"ஐயா!" என்றேன்.

"கண்ணால கண்டத எழுதணுமில்லயா?" என்றார்.

ஓய்வு பெற அவருக்கு அப்போது ஐந்து மாதம்கூட இல்லை. அத்தனை நாள் முதுகுக்குப் பின்னால் அடித்த கிண்டலுக்கெல்லாம் அவர் காலில் விழுந்திருக்கலாம். விழுந்தால் "எழுந்திருங்க" என்று மரியாதையாகச் சொல்லியிருப்பார்; அந்தச் சங்கடத்துக்குப் பயந்து விழவில்லை.

பதினோரு நாள் காவலுக்குப் பிறகு ஜெகனை விட்டார்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து உள்ளூர் ரயிலில் மீஞ்சூர், எண்ணூர் எல்லாம் தாண்டித் திருவொற்றியூரில் இறங்கினான். தேவியோடு நானும் போயிருந்தேன். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, ஒரு ஆள் இறங்கிவந்தான். தேவி அடையாளம் கண்டு ஓடிய பிறகுதான் இவன்தான் ஜெகன் என்று எனக்கே தெரிந்தது. எங்கள் வாசல் வழியாக எத்தனை முறை போய்வந்தவன்! அவன் முகத்தை நான் நேரில் பார்த்தது அதுதான் முதல்முறை.

எனக்கும் ஐயாவுக்கும் குற்றக் குறிப்பாணை வந்தது. ஐயா அதற்கு விளக்கம் எழுதிக்கொண்டே ஓய்வு பெற்றார். பட்டியலில் என் பெயர் இரண்டு வருடம் தள்ளிப்போனது. நான்கு பக்கத்தில் ஒரு பலனும் இருந்தது. ரேகை விழாத கைகளுக்கு, முகத்தைப் பார்த்து அதிகாரி கையெழுத்திட்டு அட்டை கொடுக்கலாம் என்று உத்தரவு வந்தது. ஜெகனுக்கும் சொந்தமாக ஓர் அட்டை கிடைத்தது. அத்தோடு அந்தக் கதை முடிந்தது என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். ஷாலினிக்கு எழுத உட்கார்ந்தபோதுகூட இந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்தாயிற்று.

அதுவரை எழுதியதைப் படித்திருந்த ஷாலினியே போன வாரம் காலையில் போன் செய்தாள். "மேடம், கொஞ்சம் வாசல் வரைக்கும் வர முடியுமா?" எம்.கே.பி. நகர் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்துப் போனேன்.

இப்போது அங்கே விரலும் வேண்டாம், டப்பாவும் வேண்டாம். கேமரா முகத்தைப் பார்க்கிறது, பச்சை விழுகிறது, ஆள் நடக்கிறார். நன்றாகத்தான் வேலை செய்கிறது, பொய் சொல்லக்கூடாது. ஓரமாக, தலையில் ஐஸ் பெட்டியோடு ஜெகன் நின்றுகொண்டிருந்தான். காதோரம் நரைத்துவிட்டது. திரையில் சிவப்பு. அதில் அவன் படம். தாடியும் ஒட்டிய கன்னமுமாக அந்தப் பதினோரு நாளில் எடுத்தது. 'குடியுரிமை: உறுதி செய்யப்படவில்லை.' அவனை விடுதலை செய்த தாள் ஏதோ ஒரு அலமாரியில் தூங்கிவிட்டது. படம் மட்டும் தூங்காமல் கரையோரத்துக் கருவிகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது. புதுக் கேமரா வைத்ததிலிருந்து இது மூன்றாவது முறையாம். இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவனும் பேசாமல் திரும்பிப் போயிருக்கிறான்.

என்னைப் பார்த்ததும் சிரித்தான். "பாத்தியா ஏட்டம்மா, எங்க குப்பத்துல இம்மாம் பேரு கீறாங்கோ. மெஷினுக்கு என் ஒர்த்தன் மூஞ்சிதான் மனசுல நின்னுகினு கீது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முடியவில்லை. வெட்கமாகவும் வருத்தமாகவும் இருந்தது.

"நான் எழுதித் தரேன் ஷாலினி" என்றேன்.

"நீங்க ரிட்டயர்ட், மேடம். உங்க கையெழுத்து செல்லாது" என்றாள். சொல்லிவிட்டு அந்தப் பெண் நாற்காலியை விட்டு எழுந்து வெளியே வந்தாள். "அண்ணே, பெட்டிய இறக்குங்க" என்றாள். அவன் இறக்கினான். அட்டையை அவன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, அவசரமே இல்லாமல் பார்த்தாள். பின்னால் வரிசை சத்தம் போட்டது. அவள் திரும்பவில்லை. பார்த்து முடித்துவிட்டுப் பதிவைத் திருத்தக் கோரும் படிவத்தை எடுத்து, நேரில் பார்த்த அதிகாரி என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள்.

"உங்கள ரொம்ப நாளாத் தெரிஞ்சவங்க ஒருத்தர் பேரு வேணும், அண்ணே. யாரப் போடட்டும்?"

ஜெகன் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டே என் பக்கம் தாடையைக் காட்டினான்.

"தோ, ஏட்டம்மா பேர எய்திக்கோ. என் மூஞ்ச பாக்காம கடலுக்கு அனுப்னதும் இவங்கதான். பாக்கலன்னு எய்தி குட்து என்ன வூட்டுக்கு இட்டாந்ததும் இவங்கதான்."